ராஜகோபுரம் 192 அடி... அப்புறம்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு, காபியோ டீயோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கைடு வச்சு கூட்டமாப் போற ஆன்மிக டூரைப் பத்தித்தான் சொல்ல வர்றேன். நவக்கிரக டூர், அறுபடை வீடு டூர், வேளாங்கண்ணி டூர்னு தெருவுக்குத் தெரு பேனர் தொங்குது. அரசாங்கமே ஆளைக் கூட்டிட்டுப் போகுது. ஜெருசலேம் போறவங்களுக்கு மானியம்னு 2011ல அறிவிச்சாங்க. ராமேஸ்வரத்துல இருந்து காசிக்கு 2022க்கு அப்புறம் அறநிலையத்துறையே கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சுது. 2024ல அறுபடை வீட்டுக்கும் மூத்த குடிமக்களைக் கூட்டிட்டுப் போனாங்க. இவ்வளவு பேர் போறாங்க, இவ்வளவு காசு செலவாகுது. அந்த வேன்ல மைக் புடிச்சு என்ன சொல்றாங்கன்னு யாராவது கவனிச்சிருக்கோமா? அதான் என் கேள்வி.

முதல்ல ஒண்ணு. கூட்டமாப் போற டூரை நக்கல் பண்றவன் இல்லை நான். "நான்லாம் சோலோ டிராவலர்"னு பீத்திக்கற ஆளுங்க நம்ம பதிவர் வட்டத்துலயே இருக்காங்க (பேர் சொல்ல மாட்டேன், அடிக்க வருவாங்க :-)). ஆனா நம்ம ஊர்ல எத்தனையோ அம்மாக்களுக்கு, வீட்டை விட்டு ரெண்டு நாள் வெளிய போக கிடைக்கிற ஒரே அனுமதிச் சீட்டு கோவில் டூர்தான். "ஊட்டிக்குப் போறேன்"னு சொன்னா எதுக்குன்னு கேக்கற வீடு, "திருக்கோவிலூர் பெருமாளைப் பாத்துட்டு வர்றேன்"னு சொன்னா வாயைத் திறக்காது. அந்த வேன் அவங்களுக்கு கோவில் மட்டும் இல்லை, காலேஜ் எக்ஸ்கர்ஷனும் அதுதான். அதனாலதான் அங்க சொல்ற பாடம் சரியா இருக்கணும்னு நினைக்கிறேன்.

போன வருஷம் நானும் அப்படி ஒரு டூர் போனேன். எங்க கள்ளக்குறிச்சி மாவட்டத்துல கோவில், சமணர் மலை, சர்ச்னு கலந்து பாத்துட்டு ராத்திரி பாண்டிச்சேரி, மறுநாள் அங்க இருக்கற சர்ச்சுகள். பதினெட்டு பேர், ஒரு வேன், ஒரு கைடு. சாப்பாடு நல்லா இருந்தது, டிரைவர் தங்கமான மனுஷன். ஏற்பாடு பண்ணவங்க மேல எனக்கு தனிப்பட்ட கோவம் எதுவும் இல்லை. எந்த டூர்ல போனாலும் இதே கதைதான்.

திருக்கோவிலூர்ல இறங்கினோம். "ராஜகோபுரம் 192 அடி, 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, இங்க வேண்டிக்கிட்டா பதவி உயர்வு கிடைக்கும், முக்கா மணி நேரம் டைம்." முடிஞ்சுது. பதவி உயர்வுன்னதும் கூட்டத்துல ரெண்டு பேர் உஷாரானதை நான் பாத்தேன், அது வேற விஷயம்.

அந்த ஊரோட உயிரே இடைகழிக் கதைதான். காஞ்சிபுரத்துப் பொய்கையாழ்வார், மாமல்லபுரத்துப் பூதத்தாழ்வார், மயிலாப்பூர் பேயாழ்வார். மூணு பேருக்கும் முன்னப் பின்ன பழக்கமில்லை. நல்ல மழை, இருட்டு. ஒரு சின்ன இடைகழியில ஒருத்தர் ஒதுங்கிப் படுத்திருக்கார். இன்னொருத்தர் வந்து கதவைத் தட்டறார். ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உக்காரலாம்னு சொல்லி இடம் கொடுக்கறார். மூணாவது ஆள் வர்றார். மூணு பேர் நிக்கலாம்னு எழுந்து நிக்கறாங்க. அப்புறம் நாலாவதா யாரோ நெருக்கற மாதிரி தெரியுது. அது பெருமாள். திவ்யப் பிரபந்தத்துல முதல் மூணு திருவந்தாதியும் அந்த ராத்திரியில பிறந்ததுன்னு சொல்லுவாங்க.

கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி "நீ யாரு, எந்தத் தெரு"ன்னு விசாரிச்சதா நான் கேட்ட கதையில இல்லை. நகர்ந்து இடம் கொடுத்தாங்க, அவ்வளவுதான். ஆள் வர வர இடம் குறையுது, ஆனா யாரையும் வெளிய நிறுத்தல. கடைசியில சாமி வந்ததே அந்த நெரிசலுக்குள்ளதான். இதை விட ஒரு கோவிலைப் பத்தி என்ன சொல்லிட முடியும்? எங்க கைடு இதை வேன்ல ஏறும்போது ஒரு நிமிஷத்துல, "மிராக்கிள் சார்"னு முடிச்சுட்டார்.

அங்கிருந்து கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோவில். அட்ட வீரட்டானத்துல ஒண்ணு, அந்தகாசுரனை வதம் பண்ண தலம். இது வரைக்கும் சொன்னார். அந்தக் கோவில்ல ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. ராஜராஜனோட அம்மா வானவன்மாதேவி இந்த மலையமான் வம்சத்துப் பொண்ணு. அந்த வம்சத்துப் பெருமை பேசுற இடத்துல, கபிலர் பாரியோட மகளை மலையமானுக்குக் கொடுத்துட்டு தீயில இறங்கின கதையைச் செதுக்கி வச்சிருக்காங்க. அந்தக் கபிலர் குன்று பக்கத்துலயே தென்பெண்ணை ஆத்துக்குள்ள நிக்குது. அப்பா செத்துப்போன பொண்ணுங்களுக்கு ஒரு வாழ்க்கை அமைச்சுக் கொடுத்துட்டு, நண்பன் இல்லாத உலகம் போதும்னு போன ஒரு புலவனோட கல். வேன் நிக்கல. "ஷீட்ல இல்லை சார்."

ஷீட்ல இல்லாதது இன்னொண்ணு ஜம்பை. திருக்கோவிலூருக்கு மேற்க இருக்கற கிராமம். அங்க இருக்கற குன்றுல 1981ல ஒரு தமிழ் பிராமி கல்வெட்டைக் கண்டுபிடிச்சாங்க. ஒரே ஒரு வரி. ஸதியபுதோ அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி, அதாவது துறவிகள் தங்கற இடம்னு சொல்லுது. அசோகரோட கல்வெட்டுல சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட "சத்தியபுத்திரர்"னு ஒரு பேர் வரும். அது யாருன்னு அறிஞர்கள் ரொம்ப காலமா மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. பதில் எங்க ஊர்ப் பக்கத்துக் குன்றுல இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான். கோவலூரை அடிச்சு ஜெயிச்சவன்னு புறநானூறு சொல்ற அதே ஆள், இங்க துறவிகளுக்குப் படுக்க இடம் கொடுத்திருக்கான். சண்டை போட்ட மண்ணுலயே தானமும். இதை வேன்ல இருக்கற ஒரு பத்தாவது படிக்கிற புள்ளைகிட்ட சொன்னா, அதுக்கு வரலாறு புத்தகமே வேற மாதிரி தெரியும்.

திருநறுங்கொண்டை போனோம். உளுந்தூர்பேட்டை பக்கம், மலை மேல அப்பாண்டைநாதர், அதாவது பார்சுவநாதர். இன்னிக்கும் தமிழ்ச் சமணர்கள் கும்புடற கோவில். "சேட்டுங்க கோவிலா?"ன்னு ஒருத்தர் கேட்டார். கைடு சிரிச்சுட்டு விட்டுட்டார். ஒரு வார்த்தை, "இல்லைங்க, இவங்க நம்மள மாதிரி தமிழ்தான் வீட்டுல பேசுறாங்க, காலங்காலமா இந்த மண்ணுல இருக்கறவங்க"ன்னு சொல்லியிருக்கலாம். கூவாகம் போர்டு கண்ணுல பட்டப்போ வேனுக்குள்ள ஒரு சிரிப்பு கிளம்புச்சு பாருங்க, அது இதை விட மோசம். அரவானுக்காக ஒரு ராத்திரி தாலி கட்டிக்கிட்டு மறுநாள் அறுத்துட்டு அழற திருநங்கைகளுக்கு, ஊர் உலகம் மூடின கதவுகளுக்கு நடுவுல, சித்திரை மாசத்துல திறந்த வாசல் அந்தக் கூத்தாண்டவர் கோவில். அதையும் யாரும் சொல்லல.

நிற்க. இப்போதான் மெயின் விஷயத்துக்கு வர்றேன்.

அடுத்து இறையூர். கத்தோலிக்கர்கள் நிறைய இருக்கற ஊர், பெரிய ஜெபமாலை அன்னை ஆலயம். "அழகான சர்ச், பழமையான பங்கு, போட்டோ எடுக்கறவங்க எடுத்துக்கலாம், இருபது நிமிஷம்." அவ்வளவுதான் சொன்னார்.

2008 மார்ச் 9ல இந்த ஊர்ல என்ன நடந்துதுன்னு வேன்ல பாதிப் பேருக்காவது தெரிஞ்சிருக்கும். எங்க மாவட்டம் 2019ல பிரிஞ்சுது, அப்போ இது விழுப்புரம் மாவட்டம். எங்க பிணத்தை மெயின் தெரு வழியாக் கொண்டு போக விட மாட்டேங்கறாங்க, கல்லறையும் தனி, எங்க சகாய மாதா கோவிலைத் தனிப் பங்கா ஆக்கிக் கொடுங்கன்னு தலித் கிறிஸ்தவர்கள் கேட்டாங்க. கலவரமாச்சு. அவங்க வீடுகள் தாக்கப்பட்டுச்சு. போலீஸ் சுட்டதுல வன்னியர் தரப்புல ரெண்டு பேர் செத்தாங்க. ஒரே ஜெபமாலை உருட்டுற ரெண்டு தெருவுக்கு நடுவுல இவ்வளவும் நடந்துது.

நான் இதை மெதுவா கைடுகிட்ட கேட்டேன். அவர் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்து சீட்ல இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் முந்திக்கிட்டார். "தம்பி, சாமி கும்பிட வந்த இடத்துல சாதிப் பேச்சு எதுக்கு? மனசு நிம்மதிக்குத்தானே வந்திருக்கோம்?"

"சார், நீங்க கேக்கறது நியாயம்தான். ஆனா யாரோட நிம்மதி சார்?"னு கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

பின்னாடி சீட்டுல இருந்த ஒரு அக்கா அதுவரைக்கும் யாரோடயும் பேசல. அவங்கதான் சொன்னாங்க: "எங்க பாட்டி தேர் பாக்கத் தெருக்கோடியிலதான் நிப்பாங்களாம் தம்பி. இன்னிக்கு காலையில நான் பெருமாளுக்கு நேரா நின்னு கும்பிட்டேன். நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாராச்சும் சொன்னா எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கும்."

இதை விட என்னால தெளிவா சொல்ல முடியாது மக்கா. பழைய கதையைச் சொன்னா மனசு புண்படும்னு நாம பயப்படறோம். யார் மனசுன்னு நினைச்சுப் பாக்கறதே இல்லை. ஒருத்தருக்கு சங்கடமா இருக்கற அதே கதை இன்னொருத்தருக்கு குடும்பத்து வெற்றிக் கதை. கோவில் நுழைவுச் சட்டம் 1947ல வந்துது. அது வந்து 75 வருஷம் கழிச்சு, 2023 ஜனவரி 2ல, இதே மாவட்டத்துல எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குள்ள தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போட போனாங்க. அன்னிக்கு வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் திறக்கற நாள்ல நிஜ வாசல் திறந்துது. எந்த தல புராணத்துக்கு இது குறைஞ்சுது? இடைகழிக் கதையை ஒரு தட்டுலயும் இதை இன்னொரு தட்டுலயும் வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே கதைதான்.

ஹெட்மாஸ்டர் சார் பக்கமும் ஒரு வலுவான வாதம் இருக்கு, அதையும் சொல்லிடணும். வேன்ல வந்து இறங்கி ஒரு மணி நேரத்துல கிளம்பிப் போறவன் பழைய காயத்தைக் கீறிட்டுப் போயிடுவான், அங்கயே தினம் முகம் பாத்து வாழறவங்க ஊர்க்காரங்கதானே? உண்மைதான். அதுக்காக கைடு ஊர் நடுவுல நின்னு மைக்ல கத்தணும்னு நான் சொல்லல. ஊர்க்காரங்களை நிறுத்தி வச்சு "உங்க சாதி என்ன, அப்போ எங்க இருந்தீங்க"ன்னு பேட்டி எடுக்கறதும் அநாகரிகம். ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வேனுக்குள்ளயே, நாலு பத்திரிகையில வந்த விஷயத்தை, ரெண்டு பக்கமும் இழந்ததைச் சேர்த்து, அஞ்சு நிமிஷம் சொன்னாப் போதும். அப்புறம் உள்ள போய் முழங்கால் போடறவன் கொஞ்சம் வேற மனுஷனாப் போடுவான்.

எங்க பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் எல்லாம் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்ள வர்றது. அதனால மறுநாள் பாத்த சம்பா கோவில்தான் இறையூருக்கும் தலைமைக் கோவில். புனித பவுல் பேரு போர்த்துகீசிய வாயில புகுந்து தமிழ்ல "சம்பா" ஆயிடுச்சுன்னு சொல்லுவாங்க. இப்ப இருக்கற கட்டடம் 1791ல முடிஞ்சுது. இதெல்லாம் கைடு சொன்னார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் பத்தி சொல்லல. இந்த இடத்துல முன்னாடி இருந்த சர்ச்சுக்குள்ள தலித் கிறிஸ்தவர்களைப் பிரிச்சு உக்கார வைக்க ஒரு சுவர் இருந்தது. அவங்க போய் குருமார்கிட்ட நியாயம் கேட்டு 1745ல அந்தச் சுவர் இடிக்கப்பட்டதை பிள்ளை எழுதி வச்சிருக்கார். இடிச்ச பிறகும் சண்டை ஓயலங்கறதையும்தான். அதே நாட்குறிப்புல 1748ல, துய்ப்ளே காலத்துல, பக்கத்துல இருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை இடிச்ச வேதனையும் இருக்கு. ஒரே மனுஷன், ஒரே நாட்குறிப்பு, ரெண்டு இடிப்பு. ஒண்ணை மட்டும் சொல்றவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. நல்ல கைடுன்னா ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும். 1745ல கேட்ட கேள்விக்கு 2008 வரைக்கும், 263 வருஷமா, முழுசா பதில் வரலங்கறதையும்.

"இதெல்லாம் சொல்லிட்டிருந்தா டூர் முடியுமாங்க?"ன்னு கேப்பீங்க. முடியாது. இடத்தைக் குறைக்கணும். பிரான்ஸ்ல சார்த்ர்னு ஒரு பெரிய தேவாலயம், 1194 தீ விபத்துக்கு அப்புறம் எழும்பினது, கலர் கண்ணாடி ஜன்னலுக்குப் பேர் போனது. அங்க மால்கம் மில்லர்னு ஒரு ஆங்கிலேயர் 1958ல கைடா ஆரம்பிச்சு அறுபது வருஷம் அந்த ஒரே கட்டடத்தைப் பத்திப் பேசினார். அது ஒரு நூலகம், ஒரு நாள்ல படிச்சு முடிக்க முடியாதுன்னு சொல்லி, ஒவ்வொரு தடவையும் சில ஜன்னலை மட்டும்தான் எடுத்து விளக்குவார். திரும்பத் திரும்ப வந்து கேட்டவங்க உண்டு. நாம ஒரே நாள்ல ஒம்போது கோவில் பாத்துட்டு, ராத்திரி எந்தக் கோவில்ல எந்தப் பிரசாதம் வாங்கினோம்னே தெரியாம முழிக்கறோம்.

கடைசியா எங்க மலை. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறினா கல்வராயன் மலை. வர்ற வேனெல்லாம் மேகம் அருவி, பெரியார் அருவின்னு குளிச்சுட்டு, பிளாஸ்டிக்கைப் போட்டுட்டு இறங்கிடுது. மேல இருக்கற மலையாளிப் பழங்குடிகள் (கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்றவங்க) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்ததா கதை சொல்லுவாங்க. சேலம் பக்கச் சரிவுல கரியகோவில்னு ஒரு ஊர்ப் பேரே இருக்கு. 1976 வரைக்கும் இந்த மலை மூணு ஜாகிர்தார் குடும்பங்கள் கையில இருந்தது. 2024 ஜூன்ல கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேல செத்தப்போதான் கள்ளக்குறிச்சின்னு ஒரு ஊர் இருக்கறதே பல பேருக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் மலை மக்கள் வாழ்க்கையைப் பத்தி ஹைகோர்ட்டே தானா வழக்கு எடுத்து விசாரிச்சுது. "எந்த ஊருங்க?"ன்னு கேட்டு, பதில் சொன்னதும் எதிராளி முகம் மாறறதை நாங்க அனுபவிச்சிருக்கோம். எங்க ஊரை வேற மாதிரி அறிமுகம் பண்ண ஒரு வழி இருந்தா அது இந்த மாதிரி பயணம்தான். ஆனா பாதிக் கதையை மறைச்சு பண்ற அறிமுகம் எங்களுக்கு வேண்டாம்.

அதனால என் கோரிக்கை இதுதான், டூர் போடறவங்களுக்கும் போறவங்களுக்கும்:

1. ஒரு நாளைக்கு மூணு இடத்துக்கு மேல வேண்டாம். திருக்கோவிலூர், கபிலர் குன்று, ஜம்பை – ஒரு நாளுக்கு இதுவே ஜாஸ்தி.

2. ஒவ்வொரு ஊர்லயும் அந்த ஊர் ஆள் ஒருத்தரைப் பேச வைங்க, காசு கொடுத்து. மலைக்குப் போனா மலையாளிப் பசங்கதான் கைடு. அவங்க சாமி இருக்கற இடத்துக்குள்ள கேட்டுட்டுப் போங்க.

3. கோபுர உயரம் சொல்ற அதே குரல்ல, அந்த வாசல் யாருக்கு எப்போ திறந்துதுன்னும் சொல்லுங்க. திறக்கலன்னா அதையும் சொல்லுங்க.

4. கோவிலுக்கு ஒரு நியாயம், சர்ச்சுக்கு ஒரு நியாயம் வேண்டாம். ரெண்டு பக்கமும் சுவர் இருந்துது, ரெண்டு பக்கமும் இடிச்சவங்களும் இருந்தாங்க.

5. கைடுக்கு ஒழுங்கா சம்பளம் கொடுங்க. கடையில கிடைக்கிற கமிஷனை நம்பி வாழறவர்கிட்ட கபிலரை எதிர்பாக்கறது அநியாயம்.

நாம டிக்கெட் எடுக்கறவங்க. நாம கேட்டாத்தான் ஷீட் மாறும். அடுத்த தடவை வேன்ல ஏறினதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த வாசல்ல யாரெல்லாம் வெளிய நின்னாங்க?" பதில் வரலன்னாலும் பரவாயில்லை, பின்னாடி சீட்டுல யாராவது ஒரு அக்கா அதுக்காகவே காத்துக்கிட்டு இருப்பாங்க.

உங்க ஊர்ப் பக்கம் இப்படி சொல்லப்படாத கதை இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. முடிஞ்சா தனிப் பதிவாவே போடுங்க, இணைப்பு கொடுக்கறேன்.

டிஸ்கி: ஹெட்மாஸ்டர் சார் நல்ல மனுஷன். இறங்கும்போது எனக்கு முறுக்கு கொடுத்தார். கருத்து வேற, முறுக்கு வேற :-)